ஒழுகாத கான்

1

போன வெள்ளிக்கிழமை ஒரு சுவிஸ் பெண்மணி எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தபடி முழுதாக ஒரு நிமிடம் தன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டும் விழவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பதின்மூன்று வருடங்களில் நான் இவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. வதிவிட அனுமதி விசாரணைக்குப் போனபோதுகூட இப்படி வேர்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

தொடக்கம் ஒரு கடிதம். இங்கே எல்லாமே கடிதத்தில்தான் தொடங்கும். என் மகள் மதுராவுக்கு மூன்று வயதாகப் போகிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளைப் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றில் சேர்த்துவிட்டோம். அதனால் நாங்கள் தமிழில் கேட்க, அவள் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், பதில் சொல்வாள். ஒக்ரோபர் விடுமுறைக்குப் பிறகு அவள் பெரிய பிள்ளைகளின் குழுவுக்கு மாற வேண்டும். அந்தக் குழுவில் நாப்பி கட்டிய பிள்ளைகளுக்கு இடமில்லை. பழகவில்லை என்றால் இடம் வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். என் மனைவி கலாவுக்கு முதியோர் இல்லத்தில் புது வேலை கிடைத்து, அதுவும் விடுமுறை முடிந்த கையோடு தொடங்குகிறது. பிள்ளைக்கு இடமில்லை என்றால் கலாவுக்கு வேலையும் இல்லை. ஆக, எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் ஒரு சின்னப் பிள்ளையின் மூத்திரப்பையில் தங்கியிருந்தது.

நாப்பியைக் கழற்றிய முதல் வாரத்திலேயே எங்கள் காரில் இருந்த குழந்தை இருக்கை நாலு தடவை நனைந்தது. அந்த இருக்கையை வாங்கிய கடையில் போய், கீழே விரிக்க ஏதாவது ரப்பர்த் துணி இருக்கிறதா என்று கேட்டேன். விற்பனையாளர் என்னைத் துப்பாக்கி கேட்டவனைப் போலப் பார்த்தார். பிள்ளைக்கும் இருக்கைக்கும் நடுவில் எதையும் வைக்கக் கூடாதாம். வைத்தால் பட்டி இறுகாதாம், விபத்தில் பிள்ளை வழுக்கிவிடுமாம். அப்படியானால் நனைந்தால் என்ன செய்வது? "உறையைக் கழற்றித் தோய்க்கலாம்" என்றார்.

தோய்க்கலாம்தான். ஆனால் எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒரு தோய்க்கும் அறை. பன்னிரண்டு வீடு. எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமை. மதுரா எப்போதும் வெள்ளிக்கிழமையில்தான் நனைப்பாள். விசேட அனுமதி கேட்டுக் கட்டடப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "என் மகள் இன்னும் முழுசாக இறுக்கமில்லை" என்று டொச்சில் எழுதினேன். அந்த மொழியில் அப்படிச் சொன்னால் ஆளுக்கு மூளை கழன்றுவிட்டது என்று அர்த்தமாம். பொறுப்பாளர் அனுதாபத்துடன் பதில் போட்டிருந்தார். அனுமதி மட்டும் தரவில்லை.

அப்போதுதான் கலா சொன்னாள்: "ஊருக்குப் போவம். அங்கை உங்கடை அக்கா இருக்கிறா. நாலு பிள்ளையள் வளர்த்தவா."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் கலா குழந்தை இருக்கையையும் கொண்டு போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்படித்தான் நாங்கள் ஐந்து வாரக் கோடை விடுமுறைக்கு ஒரு பெட்டி குறைத்து, ஒரு கார் இருக்கையைத் தூக்கிக்கொண்டு வன்னியில் எங்கள் ஊர் அக்கராயனுக்குப் போனோம்.

2

அத்தான் தன் வானோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அக்காவின் கணவர். ஹயருக்கு ஓடுகிற வான். வாங்கி ஆறு வருடமாகியும், இருக்கைகளில் வரும்போதே இருந்த பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்கும். அதை யாராவது நகத்தால் சுரண்டினால் அத்தானுக்குக் கோபம் வரும்.

குழந்தை இருக்கையைப் பொருத்த எனக்கு முக்கால் மணித்தியாலம் ஆனது. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, பிள்ளை இன்னும் பழகேல்லை எண்டு அக்கா சொன்னவா."

"பழகிக்கொண்டிருக்கிறாள் அத்தான்."

"அப்ப பொறு."

பின்பக்கம் போய் ஒரு தறப்பாளைக் கொண்டுவந்தார். நெல்லுக் காயப்போடுகிற நீலத் தறப்பாள். கத்தியால் ஒரு துண்டை வெட்டி, குழந்தை இருக்கைக்குக் கீழே விரித்தார். இன்னொரு துண்டை வெட்டி, மேலேயும் விரித்தார்.

"அத்தான், மேலை விரிக்கக் கூடாது. சட்டம். பிள்ளை வழுக்கிப்போடும்."

"சட்டம் உன்ரை. சீற் என்ரை" என்றார்.

கடைசியில் சமரசமாகக் கீழே உள்ள துண்டு மட்டும் இருந்தது. அத்தான் அதன் நாலு ஓரங்களையும் மடித்து, விளிம்பு உயர்த்தி, ஒரு தட்டம் போல ஆக்கிவிட்டார். கீழே பொலித்தீன், அதன் மேல் தறப்பாள், அதன் மேல் சுவிஸ் இருக்கை, அதன் மேல் மதுரா. அரசாங்கக் கட்டடத்துக்குக்கூட இப்படி அத்திவாரம் போட மாட்டார்கள்.

3

வீட்டில் வந்து இறங்கியதும் அக்கா முதலில் செய்த வேலை, மதுராவின் நாப்பியைக் கழற்றிக் குப்பைக் கிடங்கில் போட்டதுதான்.

"இந்த வெக்கைக்குள்ளை பிள்ளைக்குப் பஞ்சுமூட்டை கட்டி வைச்சிருக்கிறியளே! உங்களுக்கு ஒருத்தர் கட்டிவிட்டா இருப்பியளோ?"

அக்காவின் பாடத்திட்டம் எளிமையானது. கிணற்றடிச் சீமெந்தில் காலை நீட்டிக்கொண்டு இருப்பா. இரண்டு பாதத்தையும் சேர்த்து, மதுராவை அதன் மேல் குந்த வைப்பா. பிறகு "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று நாக்கை மடித்து ஒரு நீண்ட சத்தம் கொடுப்பா. உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, நீங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பெய்து வளர்ந்தவர்கள்தான். கலா கொண்டுவந்த புத்தகத்தில் பன்னிரண்டு படிகளும், ஒட்டுகிற நட்சத்திரங்களும் இருந்தன. அக்காவிடம் ஒரு எழுத்து மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் மதுரா பழகிவிட்டாள். அக்கா ஸ்ஸ் என்றால் குழாய் திறந்தது மாதிரி. அதோடு அக்கா இன்னொரு பழக்கமும் போட்டுவிட்டா. தப்பித் தவறி உடுப்பில் போய்விட்டால் அடிக்க மாட்டா, ஏச மாட்டா. ஒன்று மட்டும் கேட்பா.

"பெஞ்சா என்ன, பறவாயில்லை. ஆனா சொல்லிப்போடவேணும். ஒளிக்கக் கூடாது. என்ன?"

"ஓம். சொல்லிப்போடு" என்று மதுராவும் திருப்பிச் சொல்வாள். இரண்டாம் கிழமையிலேயே பிள்ளை கோழிக்கும் நாய்க்கும் அக்காவின் குரலில் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தாள். டொச் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் நம்ப முடியாமல் அவள் பின்னாலேயே நடந்தேன். எனக்குக் கண் கலங்கியது. கலா, "கனக்கச் சந்தோசப்படாதேங்கோ, திரும்பிப் போக வேணும்" என்றாள்.

ஆனால் அக்கா "சொல்லிப்போடவேணும்" என்று சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல்தான் சொன்னா. அதன் காரணம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

4

நாலாம் கிழமை கலாவின் சொந்தக்காரரைப் பார்க்கத் தண்ணீரூற்று என்ற ஊருக்கு வானில் வெளிக்கிட்டோம். முன் இருக்கையில் ஐயா. எங்கள் அப்பா, வயது எழுபத்தெட்டு, இன்னமும் சைக்கிள் ஓடுகிறவர். நடுவில் அக்காவும் கலாவும், சுவிஸ் சிம்மாசனத்தில் மதுராவும். பின்னால் நான். காலடியில் மூடி போட்ட ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்.

கிளிநொச்சியில் ரயர்க் கடை ஒன்றில் காற்றடிக்க அத்தான் நிறுத்தினார். பையன் குழாயைப் பொருத்தினான். "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்."

மதுரா உடனே கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாள்.

ஒரு ரயர் இல்லை, நாலு ரயர். பிள்ளைக்கு நாலு முறையும் கட்டளை. அத்தானின் தட்டம் ஒரு சொட்டையும் விடாமல் தாங்கி நின்றது. நாங்களும் கவனிக்கவில்லை. வான் வெளிக்கிட்டு, பரந்தன் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. அத்தான் பிறேக் போட்டார். தட்டத்தின் முன் விளிம்பு உடைந்து, மொத்தமும் முன்னால் பாய்ந்து, முன் இருக்கைக்குக் கீழே ஐயாவின் செருப்பை நனைத்தது.

ஐயா குனிந்து பார்த்தார். பிறகு வானம் அதிரக் கத்தினார்.

"உங்கை பார், கான் ஒழுகுது! எங்கை வாங்கின கான்? தம்பிராசாவின்ரை கடையிலையோ?"

"இல்லை ஐயா" என்றா அக்கா.

"பொய் சொல்லாதை. ஒழுகிற கான் விக்கிறதுக்கு வன்னியிலை அந்த ஒரு கடைதான் இருக்கு. அண்டைக்கு எங்களைத் தண்ணியில்லாமல் சாகடிக்கப் பாத்தவன்."

பிறகு தண்ணீரூற்று போய்ச் சேரும்வரை அதே கதைதான். அந்தக் கதையை எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது சண்டையால் இடம்பெயர்ந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் சாமான், சாமானுக்கு மேல் மெத்தை, மெத்தை மேல் நாங்கள். புறப்படுமுன் சந்தியில் தம்பிராசாவின் கடையில் ஐயா புதுக் கான் ஒன்று வாங்கித் தண்ணீர் நிரப்பியிருந்தார். கொஞ்சத் தூரம் போக, மெத்தை நனைந்திருந்தது. கான் ஒழுகுகிறது என்று தெரிந்ததும், ஐயா கோபத்தில் அதைத் தூக்கித் தெருவோரத்தில் எறிந்துவிட்டார். பகல் முழுக்க எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அம்மா சாகும்வரை அந்தப் பகலைச் சொல்லிக்கொண்டிருந்தா. திரும்பி வந்து குடியேறியபின் ஐயா தம்பிராசாவின் கடைப் படியை மிதிக்கவில்லை. ஒரு நெருப்புப்பெட்டி வாங்கவும் கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதிப்பார். தம்பிராசா செத்தபோது செத்த வீட்டுக்கும் போகவில்லை. இப்போது மகன் கடை நடத்துகிறான், அவனோடும் கதையில்லை.

கான் ஒழுகவில்லை.

பெய்தது நான். ஏழு வயதில், பயத்தில். எனக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயது அக்கா இருந்தா. ஐயா திரும்பிப் பார்த்து "என்னடி ஈரம்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்த அக்கா, "கான் ஒழுகுது ஐயா" என்றா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னா. ஐயா கானை எறிவார் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? அது தெருவில் விழுந்தபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதற்குப் பிறகு தாகம் எடுத்தபோதும் திறக்கவில்லை.

அன்று வானில் ஐயா தம்பிராசாவைத் திட்டத் திட்ட, அக்கா ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தா. அக்கா முறிகண்டிப் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தியெல்லாம் இந்த ஒரு பொய்க்குக் கழிந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. "அம்மப்பா, சூ. நான் சூ" என்று மதுரா சந்தோசமாக விளக்கம் கொடுத்தாள். ஐயா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

(அம்மப்பா இல்லை, அப்பப்பா. அதைத் திருத்தக்கூட எனக்கு நா எழவில்லை.)

5

திரும்பி வந்தோம். உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுவிஸ் நாடு முழுக்க ஸ்ஸ் என்றுதான் இயங்குகிறது. பஸ் கதவு ஸ்ஸ். ரயில் கதவு ஸ்ஸ். கோப்பி இயந்திரம் ஸ்ஸ். எங்கள் வீட்டு பிறஷர் குக்கரை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டோம், ஒரு மாதம் பருப்பை வெறும் சட்டியில் அவித்தோம். காருக்குக் காற்றடிக்க நான் பிள்ளையைப் பாட்டுப் போட்டு ஏமாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி பிள்ளை நன்றாகப் பழகியிருந்தாள். மூத்திரம் வந்தால் சொன்னாள். சத்தம் வந்தால் மட்டும்தான் சொல்ல நேரமில்லை.

தமிழ் மட்டும் கதவு திறந்து இறங்கிப் போய்விட்டது. இரண்டு கிழமைக்குள் பழையபடி டொச். கலா சொன்னது சரி, நான் கனக்கச் சந்தோசப்பட்டிருக்கக் கூடாது. என் பிள்ளையில் மிஞ்சிய ஒரே தமிழ் அந்த ஸ்ஸ்தான். அதையும் இப்போது மறக்கப் பழக்க வேண்டியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவரும் எதிர்ப் பாடம் எடுத்தோம். ஸ்ஸ் என்று சொல்லிவிட்டு "இல்லை, இல்லை" என்று கையை ஆட்டினோம். அயல்வீட்டுக்காரர் கதவு இடுக்கால் பார்த்தார்.

6

போன வெள்ளிக்கிழமை பரீட்சை. பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர் திருமதி கெல்லர், புதுக் குழுவில் சேரும் பிள்ளைகளைத் தங்கள் வானில் காட்டுக்குக் கூட்டிப்போவார். பெற்றோரில் ஒருவரும் போகலாம். அன்று முழுவதும் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்து, ஒரு படிவத்தை நிரப்புவார். அதில் கையொப்பம் விழுந்தால் இடம்.

போகும் வழியில் ஒன்றும் நடக்கவில்லை. காட்டிலும் நடக்கவில்லை. பிள்ளை இரண்டு முறை கேட்டு, மரத்தடியில் குந்தினாள். கலாவுக்கு "வெற்றி" என்று செய்தி அனுப்பினேன். திரும்ப வானில் ஏற்றி, குழந்தை இருக்கைகளில் எல்லோரையும் பட்டி போட்டு முடித்ததும், திருமதி கெல்லர் களைப்பாறத் தன் பையிலிருந்து ஒரு போத்தல் எடுத்தார். இந்த ஊர்ச் சனம் காஸ் அடித்த தண்ணீரைத்தான் குடிக்கும். நான் கையை நீட்டித் தடுக்குமுன் மூடியைத் திருகிவிட்டார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

மதுராவின் முகத்தில் அந்த அமைதி வந்தது. இருக்கை கறுத்து, ஓரத்தால் வடியத் தொடங்கியது. திருமதி கெல்லர் திரும்பிப் பார்த்தார். "என்ன ஈரம்?" என்று கேட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. "அவளின் தண்ணீர்ப் போத்தல் ஒழுகிவிட்டது" என்றேன்.

திருமதி கெல்லர் மதுராவின் போத்தலை எடுத்தார். மூடி இறுக்கமா என்று பார்த்தார். தலைகீழாகப் பிடித்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். அதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஒரு நிமிடம். எனக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு யோசனைதான் வந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் எங்களில் யாருமே கானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கவில்லை.

"ஒழுகவில்லையே" என்றார்.

அப்போது மதுரா என் கையைப் பிடித்தாள். ஒன்றரை மாதமாகத் தமிழ் பேசாத பிள்ளை, அக்காவின் குரலில், அக்காவின் ராகத்தில் சொன்னாள்:

"அப்பா, தண்ணி இல்லை. சூ. சொல்லிப்போடு."

"பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்று திருமதி கெல்லர் கேட்டார்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. குளிர்கிறதாம் என்று சொல்லலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. கலாவின் வேலை, பிள்ளையின் இடம், எல்லாம் அந்த ஒரு மொழிபெயர்ப்பில் நின்றது. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"இது தண்ணீர் இல்லை, மூத்திரம் என்று சொல்கிறாள். என்னையும் சொல்லச் சொல்கிறாள்" என்றேன்.

திருமதி கெல்லர் படிவத்தை எடுத்தார். பேனையைத் திறந்தார். என் பக்கம் திருப்பிக் காட்டினார். படிவத்தில் "நனையாமல் இருக்கிறதா" என்ற கேள்வியே இல்லை. "நனைந்தால் பிள்ளை தானாகச் சொல்கிறதா?" என்றுதான் இருந்தது. ஆம் என்ற பெட்டியில் சரி போட்டார். கையொப்பம் வைத்தார். பிறகு முன் இருக்கைக்குக் கீழே கையை விட்டு, தோய்த்து மடித்த இருக்கை உறை ஒன்றை இழுத்தெடுத்தார். அங்கே இன்னும் எட்டு இருந்தன.

"எல்லாப் பிள்ளைகளும் நனைப்பார்கள்" என்றார். "ஆனால் போத்தல் ஒழுகியது என்று எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். அதற்குத்தான் மணிக்கூடு."

7

அன்று பின்னேரம் ஊருக்கு அழைத்தேன். கலாவுக்கு வேலை உறுதி என்று அக்காவிடம் சொன்னேன். மதுரா சொன்னதையும் சொன்னேன். அக்கா சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா, போனை ஐயாட்டைக் குடுங்கோ."

"என்னத்துக்கடா?"

"சொல்லிப்போடவேணும்."

அக்கா போனைக் கொண்டுபோனா. பிறகு ஐயாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் சொன்னேன். மெத்தை, ஈரம், கான், அக்கா, எல்லாம். முழுசாகக் கேட்டார்.

"விசர்க்கதை கதையாதை" என்றார். "கான் ஒழுகினதுதான். உனக்கு ஏழு வயது, உனக்கென்ன தெரியும்? தம்பிராசாவுக்கு இப்ப நீ வக்கீலோ?"

தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. நேற்று அக்காவின் குரல் செய்தி வந்தது. அவ சொன்னபடியே எழுதுகிறேன்.

"தம்பி, ஐயா விடியக்காலமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர். கிளிநொச்சிக்கு இல்லை, சந்திக்கு. தம்பிராசாவின்ரை கடைக்கு. மோன்காரன் பயந்துபோய்க் கதிரை எடுத்துப் போட்டவனாம். இவர் இருக்கேல்லை. ஒரு கான் வாங்கிக்கொண்டு வந்திட்டார். குசினியிலை தண்ணி நிரப்பி, மூடியை இறுக்கி, தலைகீழாக் கவிட்டு வைச்சிட்டு, முன்னாலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவர். மத்தியானம் மட்டுக்கும் அப்படியே இருந்தவர். சாப்பிடவும் வரேல்லை. ஒரு சொட்டு விழேல்லை. நான் போய், ஐயா, போதும் எழும்புங்கோ எண்டன். எழும்பினவர். எழும்பிப்போட்டுச் சொல்லுறார்..."

இந்த இடத்தில் அக்கா கதவைச் சாத்துவது கேட்கிறது.

"...அப்ப, அண்டைக்கு எங்களுக்குப் பின்னாலை வந்து, நான் எறிஞ்ச கானை எடுத்தவன் நல்லாக் குடிச்சிருப்பான் எண்டு."